வெள்ளையம்மா வெளியேற்றத் திட்டம்

அக்டோபர் 3, வெள்ளி

வெள்ளையம்மாவுக்கு இன்று டெட்டனஸ் ஊசி. கால்நடை மருத்துவர் நசீமா வந்து போட்டார். கிளம்பும்போது வண்டியை ஸ்டார்ட் செய்தவர், ஏதோ நினைவு வந்து மறுபடி அணைத்தார்.

"சார், மழைக்காலம் வந்திருச்சு. புயல் எச்சரிக்கை வந்தா குதிரைய எங்க கொண்டு போறது, எப்படிக் கொண்டு போறதுன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"

முப்பத்தொரு வருடம் கிராம நிர்வாக அலுவலராகக் குப்பை கொட்டியவனிடம் கேட்கிற கேள்வி. இந்தச் சங்குமேட்டை நான்கு புயலுக்கும் இரண்டு வெள்ளத்துக்கும் கிளப்பிக்கொண்டு போனவன் நான். ஆனால் மனிதர்களுக்கு எழுதினேனே தவிரக் குதிரைக்கு எழுதியதில்லை. அதை ஒப்புக்கொண்டேன்.

"அப்ப எழுதுங்க. அக்கா குதிரைய விட்டுட்டு வரமாட்டாங்கன்னு ஊருக்கே தெரியும்" என்றார்.

அக்கா என்றால் என் மனைவி மங்கையர்க்கரசி. அவள் அப்போது லாயத்துக்குள் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரி இருந்தாள்.

குதிரை அவளுடையது, தொழிலும் அவளுடையது. கடலூர் சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரை வேண்டுமென்றால் மங்கையைத்தான் கூப்பிடுவார்கள். தை வரை ஒரு முகூர்த்தம் மிச்சமில்லை. நான் ஓய்வு பெற்றவன், புல்கட்டு இறக்கி வைப்பேன், அவ்வளவுதான். அதையும் அதன் பின்னங்கால் எட்டாத தூரத்தில் நின்றுதான் செய்வேன். லாயத்துக்குள் கால் வைத்ததில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு புது நோட்டை எடுத்துத் தலைப்பு எழுதினேன். 'வெள்ளையம்மா வெளியேற்றத் திட்டம்.' ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு கையெழுத்து அழகாக வந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

இடம் கிடைத்துவிட்டது. மேட்டுத்தெருவில் மூடிக்கிடக்கும் அரிசி ஆலை. எங்கள் வீட்டிலிருந்து பாலத்தைத் தாண்டி ஆறு கிலோமீட்டர். கடல் பக்கம் பார்த்த சுவர் இரண்டடி கனம், தகரக் கூரை இல்லை, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, எதிரிலேயே பள்ளிக்கூடம். ஆலைக்காரரின் மகன் கல்யாணத்துக்கு வெள்ளையம்மாதான் போயிருந்தது. சாவியைக் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"மாப்பிள்ளைய சுமந்த குதிரைங்க, எங்க வீட்டு விருந்தாளி மாதிரி" என்றார். எனக்கு ஒரு டீ கூடக் கொடுக்கவில்லை.

வண்டிக்கு ஏகாம்பரத்திடம் சொல்லியாயிற்று. பெரிய வேன் வைத்திருக்கிறான். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். காற்று பிடித்த பிறகு குதிரை ஏற்றிய வண்டியை ரோட்டில் விடமாட்டார்கள், குடை சாய்ந்துவிடும்.

அக்டோபர் 9, வியாழன்

மூன்று நாள் தீவனம் தனியாகக் கட்டி வைத்தோம். கொள்ளு, தவிடு, காய்ந்த புல். தண்ணீர் ஒரு நாளைக்கு நாற்பது லிட்டர் குடிக்குமாம். நான் மூன்று லிட்டர் குடிப்பதற்கே மங்கை கையில் சொம்போடு பின்னால் வருகிறாள்.

நைலான் கயிறு கூடாது, பருத்திக் கயிறுதான். நான்கு குளம்பிலும் எங்கள் போன் நம்பரை அழியாத மையில் எழுத வேண்டும். மங்கை எழுதினாள். நான் தள்ளி நின்று நம்பரைச் சொன்னேன். கடைசி இரண்டு எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

"இருபது வருசமா ஒரே நம்பர்" என்று தலையில் அடித்துக்கொண்டு, மண்ணெண்ணெய் போட்டு அழித்து மறுபடி எழுதினாள்.

கூடத்தில் ஆவணங்களைத் தேடும்போது, ஆட்சியர் கொடுத்து, சட்டம் போட்டு மாட்டியிருந்த பாராட்டுக் கடிதம் கண்ணில் பட்டது. ஆறு வருடத்துக்கு முந்தைய புயலுக்குக் கொடுத்தது. 'நூறு சதவீத வெளியேற்றம்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். கூடத்தில் உள்ள எல்லாப் படத்தையும் மங்கை வாரம் தவறாமல் துடைக்கிறாள். இதன்மேல் மட்டும் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி. உயரத்தில் இருப்பதால் எட்டவில்லை போலிருக்கிறது. நானே துடைத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

முதல் ஒத்திகை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பதிவு பதிவுதான்.

காலை ஏழு மணிக்கு ஏகாம்பரம் வேனைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். சாய்வுப் பலகை போட்டு, வழுக்காமலிருக்கச் சாக்கு விரித்தோம். நான் பழைய விசிலையும் கைமைக்கையும் எடுத்துக்கொண்டேன். ஊரைக் கிளப்பும்போது நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உண்டு. சத்தம் போட வேண்டும். நிறுத்தாமல் போட வேண்டும். யோசிக்க இடம் கொடுத்தால் ஜனங்கள் பீரோவைத் திறக்கப் போய்விடுவார்கள்.

விசில் ஊதினேன். "கிளம்பு, கிளம்பு, கிளம்பு!" என்று மைக்கில் கத்தினேன். ஏகாம்பரம் பலகையைத் தட்டினான். வெள்ளையம்மா பலகைக்கு இரண்டடி முன்னால் நின்றது. நான் சத்தத்தைக் கூட்டினேன். அது நாலு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டது. காது கூட ஆடவில்லை. இருபது நிமிடம் கத்தினேன். தொண்டை கட்டிப்போயிற்று.

திரும்பிப் பார்த்தால் மங்கை தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணில் தண்ணீர்.

"ஏங்க, அவளுக்கு நான் சொல்லிக் குடுத்ததே அதானே! மேளம் அடிப்பான், பத்தாயிரம் வாலா வெடிப்பான், தண்ணி போட்டுட்டு நாலு பேரு வால் பக்கம் ஆடுவான். மேல மாப்பிள்ளை உக்காந்திருப்பாரு. சத்தம் கேட்டா நில்லு, சத்தம் நின்னா நட. எட்டு வருசமா இதத்தான் படிச்சிருக்கா. நீங்க கத்தக் கத்த அவ நல்ல புள்ளையா நிக்கிறா!"

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க பேச வுட்டீங்க?"

ஏகாம்பரம் வேனுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

அக்டோபர் 13, திங்கள்

மங்கை இன்னும் சிரிக்கிறாள். தொண்டைக்கு மிளகுப்பால்.

அக்டோபர் 19, ஞாயிறு

இரண்டாம் ஒத்திகை. யாரும் வாய் திறக்கக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவு போட்டேன். மங்கை தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்து முன்னால் நடந்தாள். வெள்ளையம்மா பலகையை ஒருமுறை முகர்ந்துவிட்டு ஏறிவிட்டது. நாலு நிமிடம்.

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன். எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் புரியவில்லை.

அக்டோபர் 20, தீபாவளி

ஊரெல்லாம் வெடி. வெள்ளையம்மா லாயத்தில் காலூன்றி நிம்மதியாக நிற்கிறது. மங்கை அதற்கு ஓர் அதிரசம் கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை இருப்பதால் பாதிதான்.

நவம்பர் 2, ஞாயிறு

நாலாவது ஒத்திகை. மூன்றே கால் நிமிடம். புதிதாக வந்திருக்கும் கிராம நிர்வாக அலுவலர் அருள்செல்வி வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். என் இடத்துக்கு வந்தவள், கெட்டிக்காரப் பெண். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தாள்.

"ஐயா, எல்லாம் பக்காவா இருக்கு. போன தடவை பெரிய புயல்ல குதிரைய எங்க வெச்சிருந்தீங்க?"

"இங்கதான் இருந்துச்சு" என்றேன்.

"ஐயோ, தனியாவா?"

மங்கை புல்லை உதறிக்கொண்டிருந்தாள். அவள் உதறுவதை நிறுத்தவில்லை. நான் அருள்செல்விக்கு மோர் கொண்டுவர உள்ளே போனேன். திரும்பி வரும்போது பேச்சு வேறெதற்கோ போயிருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி. இதைவிடக் குறையாது. லேசான மழை. மங்கை கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வேறு குறையொன்றும் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

புயல் உருவாகிவிட்டது. பெயரும் வைத்துவிட்டார்கள், என் வாயில் நுழையவில்லை. வெள்ளிக்கிழமை கரையைக் கடக்குமாம். திட்டப்படி நாளைக் காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறோம். வெள்ளிக்கிழமைக் கல்யாணக்காரர்களிடம் மங்கை பேசிவிட்டாள், அவர்களே தேதியைத் தள்ளிவிட்டார்கள். எல்லாம் நோட்டில் உள்ளபடி நடக்கிறது. ஒரு தப்பு இல்லை.

நவம்பர் 26, புதன்

ஏகாம்பரம் வரவில்லை. ஒன்பது மணிக்குப் போன் செய்தான்.

"சார், வண்டிய தாலுக்கா ஆபீஸ்ல புடிச்சு வெச்சுட்டாங்க. குப்பத்து சனத்த ஏத்தறதுக்காம். நீங்க ஒரு வார்த்த சொன்னா வுட்ருவாங்க சார்."

அவன் சொல்வது உண்மை. நான் சொன்னால் விடுவார்கள். இதே ஏகாம்பரத்தின் வண்டியை நானே மூன்று முறை பிடித்து வைத்திருக்கிறேன். அதில் யார் ஏறுவார்கள் என்பதும் தெரியும். கைக்குழந்தைக்காரிகள், எழுந்து நடக்க முடியாதவர்கள். போனில் தாலுக்கா ஆபீஸ் நம்பரைத் தேடி எடுத்தேன். மங்கை எதிரில் நின்றாள்.

"வேணாம்" என்றாள். "அவங்க ஏறட்டும்."

சாயங்காலம் ஒரு நடை வருகிறேன் என்றான் ஏகாம்பரம். வரவில்லை. நாளைக் காலை நடத்தியே கூட்டிப்போவது என்று முடிவு. நோட்டில் நடைப்பயணம் பற்றி ஒரு வரி கூட இல்லை.

நவம்பர் 28, வெள்ளி. அரிசி ஆலை

நேற்று எழுத முடியவில்லை. நேற்று நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

காலை ஏழரைக்கு வெள்ளையம்மாவை லாயத்திலிருந்து வெளியே கொண்டுவந்தாள் மங்கை. தீவனத்தைப் பழைய ஸ்கூட்டியில் முந்தின நாளே ஆலைக்குக் கொண்டு போட்டுவிட்டேன். ஆறு கிலோமீட்டர்தானே, ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வாசலைத் தாண்டியதும் காற்று. சவுக்குத் தோப்பு முழுக்க ஓலமிடுகிறது. பக்கத்து வீட்டுத் தகரம் படபடவென்று அடித்துக்கொள்கிறது.

வெள்ளையம்மா நின்றாள். நாலு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

மங்கை கயிற்றை ஆட்டிப் பார்த்தாள், கழுத்தைத் தடவினாள், வெல்லம் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் கேட்டால் நிற்க வேண்டும். சத்தம் நிற்கப் போவதில்லை, இன்னும் இரண்டு நாளைக்கு. அவள் சொல்பேச்சுக் கேட்டுத்தான் நின்றாள், பாவம்.

எட்டே முக்காலுக்கு அருள்செல்வியின் ஜீப் வந்தது. மேலே ஒலிபெருக்கி. உடனே வெளியேறும்படி அலறிக்கொண்டே வந்தது. எழுதிக் கொடுத்தது மாதிரி எல்லாம் என் பழைய வசனம்.

"ஐயா, பதினோரு மணிக்குப் பாலத்த மூடுறாங்க. நீங்க ரெண்டு பேரும் ஜீப்புல ஏறிடுங்க. குதிரைய அவுத்து வுட்ருங்க, கட்டிப் போட்டுட்டு மட்டும் வராதீங்க."

அவள் சொன்னது விதிப்படி சரி. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மங்கை அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நீங்க போங்க. நான் இருந்து பாத்துக்கறேன்" என்றாள்.

நான் ஜீப்பில் ஏறவில்லை. அதை மட்டும் இப்போது எழுதிவிடுகிறேன், ஏறவில்லை.

"முதல்ல அந்த மைக்க நிறுத்தும்மா" என்றேன் அருள்செல்வியிடம். நான் இப்படிச் சொல்வேன் என்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். அவள் நிறுத்தினாள். காற்றை நிறுத்த முடியாது. காதைத்தான் அடைக்க முடியும் என்று அப்போதுதான் உறைத்தது.

உள்ளே ஓடிப்போய் என் தலையணையைக் கத்தியால் கிழித்தேன். நல்ல இலவம்பஞ்சு. பழைய வேட்டியைக் கிழித்துப் பஞ்சை அதில் உருட்டிக் கட்டினேன், உள்ளே போய்விடாமல் வெளியே வால் விட்டு. இரண்டு உருண்டை.

"கயித்த நான் வுட முடியாது. நீங்கதான் வெக்கணும்" என்றாள் மங்கை.

எட்டு வருடத்தில் நான் அந்தத் தலைக்குப் பக்கத்தில் போனதில்லை. வெள்ளையம்மா தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாள். காதுக்குள் அவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் வைத்தேன். மேலே, ஊர்வலத்துக்குக் கட்டுகிற ஜரிகை போட்ட வெல்வெட் முகத்துணியை இழுத்துக் கட்டினோம்.

ஒரு நிமிடம் போல நின்றாள். பிறகு மூச்சை நீளமாக விட்டுவிட்டு முன்னங்காலை எடுத்து வைத்தாள்.

நான் ஒரு பக்கம், மங்கை ஒரு பக்கம். காற்று பலமாக அடிக்கும்போதெல்லாம் என் கையை வெள்ளையம்மாவின் காதின்மேல் பொத்திக்கொண்டு நடந்தேன். அருள்செல்வி ஜீப்பைப் பின்னால் மெதுவாக ஓட்டச் சொல்லி, மைக்கைப் போடாமல் பாலம் வரை வந்தாள். அதற்கு அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் பதில் நான் எழுதித் தருவேன். பத்து நாற்பதுக்குப் பாலத்தைத் தாண்டினோம். மேட்டுத்தெரு முனையில் டீக்கடையைச் சாத்திக்கொண்டிருந்த ஒருவர், ஜரிகைத் துணி கட்டிய குதிரையையும் நனைந்துபோன எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "இந்த மழையில யாரு வூட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார்.

"எங்களுதுதான்" என்றாள் மங்கை.

நவம்பர் 28, பிற்பகல்

காற்று பேயாட்டம் ஆடுகிறது. ஆலைச் சுவர் அசையவில்லை. வெள்ளையம்மா காதில் பஞ்சோடு கொள்ளு தின்கிறாள். எதிர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களுக்குச் சாம்பார் சாதம் வந்தது.

வேறு வேலை எதுவும் இல்லாததால், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன் அந்தப் புயலன்று நான் இதே பள்ளிக்கூடத்தில் பெயர்ப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர். போனில் மங்கை, "நீங்க வேலையப் பாருங்க. நான் இருந்து பாத்துக்கறேன்" என்றாள். குதிரையை விட்டு அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவள் பெயருக்கு நேரே டிக் போட்டேன். கடைசியாகப் போட்டதல்ல, முதலில் போட்டது. நூறு சதவீதம் என்று கையெழுத்திட்டு அனுப்பினேன். லாயத்துக் கூரை பறந்து, விடியும் வரை அவள் அந்தக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றிருக்கிறாள். அன்றைய நாட்குறிப்பில் 'மங்கை நலம்' என்று எழுதியிருக்கிறேன். இரண்டே வார்த்தை.

"அந்த லிஸ்ட்டுல உன் பேரையும் நான் டிக் போட்டேன் மங்கை" என்றேன்.

"தெரியும். பேப்பர்ல போட்டிருந்தானே, நானூத்திப் பன்னெண்டு பேரும் வந்துட்டாங்கன்னு. எண்ணத் தெரியாதா எனக்கு?"

"ஆறு வருசமா ஒரு வார்த்த கேக்கலியே."

அவள் தவிட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நீங்க வந்து கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்கமாட்டேன். அது வேற." கையை உதறிக்கொண்டாள். "ஆனா கூப்பிட்டிருக்கலாம்."

நான் அழுதேன். அறுபத்து நாலு வயதில் அரிசி ஆலையில் உட்கார்ந்து அழுதேன். அவள் தடுக்கவில்லை. தவிட்டுக் கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், வேட்டியெல்லாம் தவிடு.

நவம்பர் 30, ஞாயிறு

வீடு திரும்பினோம். முருங்கை மரம் போய்விட்டது, லாயத்தில் பாதிக் கூரை இல்லை. வீட்டுக்குள் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் நசீமா வந்து காதுகளைப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்றார். யார் யோசனை என்று கேட்டார். நான் என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

ஏகாம்பரம் வந்து கூரை போட்டுக் கொடுத்தான். வெயில் நன்றாக அடிக்கிறது.

திட்டத்தைத் திருத்தினேன். வேன் வராவிட்டால் நடை, அதற்கு இரண்டு மணி நேரம். காதுக்குப் பஞ்சு இரண்டு உருண்டை, எப்போதும் தயாராக. முகத்துணி தனியாக மடித்து வைக்க வேண்டும். முதல் பக்கத்தில் முதல் வரியாக, 'வாகனத்துக்குத் தகவல் சொல்லுதல்' என்று இருந்ததை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'மங்கையை நேரில் போய்க் கூப்பிடுதல். வரவில்லையென்றால் கூட இருத்தல்.'

மங்கை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இதுக்கெல்லாம் ஒத்திகை கிடையாதா?" என்று கேட்டுவிட்டு, புல்லை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போய்விட்டாள்.

நோட்டை மூடி வைத்தேன். பிறகு எழுந்து போய் லாயத்து வாசலில் நின்றேன்.

"மங்கை, வா போலாம்."

"வரமாட்டேன்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

நான் உள்ளே போனேன்.